தங்கசாலைப் பக்கம் ஒரு காலை

"பிராட்வே தியேட்டர் இருந்த இடத்தை ஒரு தடவை பார்த்துட்டு வந்துடணும்டி" என்று ஆறு மாதமாக அத்தை சொல்லிக்கொண்டே இருந்தாள். வயது எண்பத்தெட்டு, முழங்கால் வலி வேறு. அந்த நெரிசலில் எப்படிக் கூட்டிப்போவது என்று நானும் தட்டிக் கழித்தபடியே இருந்தேன். "மண்ணடியில் மெட்ரோ ஸ்டேஷன் இருக்கே, லிப்ட்டும் இருக்கு" என்று மருமகள் எடுத்துச் சொன்ன பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மூவரும் கிளம்பிவிட்டோம்.

சென்னையின் ஜார்ஜ் டவுனுக்கு அந்தப் பெயர் வந்தது, ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் டில்லி தர்பார் நடந்த 1911-ல்தான். அதற்கு முன்பு வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர் 'கறுப்பர் நகரம்'. முத்தியால்பேட்டை ஒரு பக்கம், பெத்தநாயக்கன்பேட்டை மறு பக்கம், நடுவில் சாக்கடையோடு ஒரு பள்ளம். போப்ஹாம் என்ற வக்கீல் 1780-களில் அந்தப் பள்ளத்தைத் தூர்த்துச் சாலையாக்கினார். அதுதான் பிராட்வே. இன்று பிரகாசம் சாலை.

மேற்கே போனால் வால்டாக்ஸ் ரோடு. பிரெஞ்சுக்காரர்களுக்கும் ஹைதர் அலிக்கும் பயந்து ஊரைச் சுற்றி மதில் கட்டினார்கள். அந்த மதிலுக்காக ஜனங்களிடம் வரி கேட்டார்கள். வரியை வசூலிக்க முடியவில்லை. பெயர் மட்டும் நின்றுவிட்டது! "கட்டாத வரிக்கு ஒரு ரோடா!" என்று மருமகள் சிரித்தாள்.

அந்த ரோட்டில்தான் ஒற்றைவாடை தியேட்டர் இருந்தது. பாய்ஸ் கம்பெனிகள் வந்து நாடகம் போட்ட இடம். பையன்களே ராஜா, பையன்களே ராணி. படித்தவர்கள் நாடகத்திலும் இதே கதைதான். இந்தப் பேட்டையில் வளர்ந்த பம்மல் சம்பந்த முதலியார், நண்பர்களோடு 1891-ல் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் வேஷம் கட்டியதால் நாடகத்துக்கே ஒரு மதிப்பு வந்தது. ஆனாலும் பெண் வேஷத்துக்குப் பெண் கிடையாது. ரங்கவடிவேலு என்ற ஆண் நடிகர்தான் முதலியாரின் நாயகி. புடைவை கட்டுவதில் நம்மையெல்லாம் தோற்கடித்திருப்பாரோ என்னவோ! சபை நாடகம் போட்ட விக்டோரியா பப்ளிக் ஹால், சென்ட்ரலுக்கு அருகில், ரிப்பன் மாளிகையை ஒட்டி நிற்கிறது. சென்னையில் முதன்முதல் சலனப்படம் காட்டியதும், 1896-ல், அங்கேதான் என்பார்கள்.

பிறகு சினிமாக் கொட்டகைகள் வந்தன. போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த ரகுபதி வெங்கையா, கூடாரம் அடித்து ஊர் ஊராகப் படம் காட்டியவர். 1914-ல் கெயிட்டி தியேட்டரைக் கட்டினார். அடுத்து இந்தத் தங்கசாலைத் தெருவில் கிரௌன். நாணயம் அடித்த சாலை இருந்த தெரு என்பதால் தங்கசாலை. இங்கிலீஷில் மின்ட் ஸ்ட்ரீட்.

முதல் தமிழ் பேசும் படம் 'காளிதாஸ்', 1931 அக்டோபர் 31-ல் வெளியானதும் ஜார்ஜ் டவுனில்தான், கினிமா சென்ட்ரலில். பம்பாயிலிருந்து சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு வந்த படப்பெட்டியை, தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, பூப்போட்டு ஊர்வலமாகவே கொண்டு போனார்களாம். பெட்டிக்குள் இருந்தது யார் முகம் தெரியுமோ? டி.பி. ராஜலக்ஷ்மி. விவரம் தெரியாத வயதில் கல்யாணம் செய்து வைத்து, அது நிலைக்காமல் போய், வயிற்றுப்பாட்டுக்காக நாடக மேடை ஏறிய திருவையாற்றுப் பெண். 1936-ல் 'மிஸ் கமலா' படத்தைத் தானே டைரக்ட் செய்தாள். பெண் வேஷமே பெண்ணுக்குக் கிடைக்காத இடத்திலிருந்து இத்தனை தூரம்! அந்தக் 'காளிதாஸ்' படத்தின் பிரதி ஒன்றுகூட இன்று இல்லை என்பதுதான் எனக்கு ஆறவேயில்லை.

இத்தனையும் நான் சொல்லிக்கொண்டு வர, அத்தை பேசாமல் நடந்தாள். பிராட்வேயில் ஒரு நிழலில் நின்று, "எங்க தெருப் பொம்மனாட்டிகள் எல்லாம் சேர்ந்து வந்தோம். நான் ஏழு வயசுக் குழந்தை" என்று ஆரம்பித்தாள்.

அவள் பார்த்தது 'ஹரிதாஸ்'. பெற்றவர்களையே துரத்திவிட்டு, பிறகு அவர்கள் காலடியே கதி என்று கிடக்கும் மகனின் கதை. 1944 தீபாவளிக்கு வந்து, இதே பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்ட படம். அதில் பெரிய வேதனை என்னவென்றால், வந்த இரண்டே மாதத்தில் லக்ஷ்மிகாந்தன் கொலை வழக்கில் தியாகராஜ பாகவதரைக் கைது செய்துவிட்டார்கள். உள்ளே திரையில் அவர் பாட, கூட்டம் மெய்மறந்து கேட்டுக்கொண்டிருந்தது, அவரோ சிறையில். 1947-ல்தான் விடுதலை.

"அந்தப் பாட்டெல்லாம் எனக்கு அப்படியே வந்துடுத்து" என்றாள் அத்தை. "வீட்டுல பாடினேன். தாத்தா, 'என்ன, கூத்தாடப் போறியா?'ன்னு ஒரு அதட்டல். அன்னிக்கு வாயை மூடினவதான்."

இத்தனை வருஷத்தில் அத்தை பாடி நான் கேட்டதேயில்லை. பாட்டே பிடிக்காது போலிருக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன்.

தியேட்டர் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது, இப்போது கடைகள்தான். திறந்திருந்த ஒரு கடையிலிருந்து பையன் எட்டிப் பார்த்து, "என்ன வேணும் பாட்டி?" என்றான்.

"ஒண்ணும் வேணாம்பா. இங்கதான் நான் சினிமா பார்த்தேன்."

அவன் ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டான். அத்தை உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, உதடு அசைகிற அளவுக்கு, ஏதோ முணுமுணுத்தாள். லாரியின் ஹாரன் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. மருமகள் மட்டும் பக்கத்தில் குனிந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது தங்கசாலைப் பக்கம் ஆட்டோவில் போய், சூடாக ஜிலேபி வாங்கிக்கொண்டோம். போக நினைப்பவர்கள் ஞாயிறு காலையிலேயே போய்விடுங்கள். மற்ற நாளில் கைக்குழந்தையோடு அந்தத் தெருக்களில் நடக்க முடியாது. தண்ணீர் பாட்டிலை மறக்க வேண்டாம்.