தண்ணீர் பாராத கல்

செங்கல்பட்டில் மேல்தளம் போடுவதற்காக ஒரு லோடு முக்கால் ஜல்லி வந்து இறங்கியிருந்தது. காலை வெயில் சாய்வாக விழுந்தபோது குவியலின் ஓரத்தில் ஒரு கல் மட்டும், புளி போட்டுத் தேய்த்த செம்பு மாதிரி மினுங்கியது. கையில் எடுத்துத் திருப்பினேன், அணைந்துவிட்டது. மறுபடி திருப்பினேன்; மினுங்கியது.

"அது காக்காப்பொன் சார், போடுங்க," என்றார் மேஸ்திரி.

காக்காப்பொன் என்றால் நகத்தால் கிள்ளியதும் ஏடு ஏடாக உரிந்து வரும். இது வரவில்லை. பேனாக்கத்தியால் கீறினேன், அரைமனதாகத்தான் கீறல் விழுந்தது. ஜியாலஜி படித்துவிட்டு வங்கியில் வட்டி கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். முப்பத்தைந்து வருடமாகத் தேவைப்படாத ஒரு பெயர் நாக்கு நுனிக்கு வந்து நின்றது: ஹைப்பர்ஸ்தீன்.

எங்கள் பக்கம் கிணறு வெட்டினாலும் போர் போட்டாலும் பெரும்பாலும் தட்டுவது சார்னோக்கைட் பாறை. குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் எந்தக் கிரானைட்டிலும் இருக்கும். கூட ஹைப்பர்ஸ்தீன் சேர்ந்தால்தான் சார்னோக்கைட். பெயர் வந்த கதை கொஞ்சம் சுற்றுவழி. 1690-இல் ஹூக்ளிக் கரையில் இறங்கிய கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்குப் பல்லாவரம் பக்கத்துக் கல் கடல் வழியாகப் போயிருக்கிறது. இருநூறு வருடம் கழித்து, 1893-இல், தாமஸ் ஹாலந்து என்ற நிலவியலாளர் அந்தக் கல்லறைக் கல்லை ஆராய்ந்து, செத்தவர் பெயரையே பாறைக்கு வைத்துவிட்டார். கல் கொடுத்த ஊர் பெயரை வைத்திருந்தால் பல்லாவரைட் ஆகியிருக்கும். சொல்லிப் பாருங்கள், கேட்கவும் நன்றாகத்தான் இருக்கிறது. சார்னாக்கைக் கல்கத்தாவின் நிறுவனர் என்று சொல்லக் கூடாது என 2003-இல் அந்த ஊர் உயர் நீதிமன்றமே தீர்ப்புக் கொடுத்துவிட்டது. ஹைப்பர்ஸ்தீன் என்ற பெயரையும் சர்வதேசக் கனிமவியல் சங்கம் 1988-இல் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது; இரும்பு கலந்த என்ஸ்டடைட் என்றுதான் இப்போது எழுத வேண்டுமாம். நகைக்கல் வியாபாரிகள் கேட்கவில்லை. நானும் கேட்பதாக இல்லை.

இந்தக் கனிமத்தில் எனக்குப் பிடித்த விஷயம் அதன் பிறப்பு. ஏறக்குறைய 250 கோடி வருடத்துக்கு முன்னால், தரைக்கு இருபது கிலோமீட்டருக்கும் கீழே, 700 டிகிரியைத் தாண்டிய சூட்டில் உருவானது. சூடு மட்டும் போதாது, ஈரமும் இருக்கக் கூடாது. அங்கே போதிய தண்ணீர் இருந்திருந்தால் அதே இரும்பும் மக்னீசியமும் ஹார்ன்பிளெண்டாகவோ கறுப்பு மைக்காவாகவோ போயிருக்கும். மைக்கா என்றால் நம் காக்காப்பொன்தான். அப்படிப் பார்த்தால் மேஸ்திரி சொன்னது முழுத் தவறும் இல்லை. கொஞ்சம் தண்ணீர் குறைந்துவிட்டது, அவ்வளவுதான்.

பிறகு அது ஆறத் தொடங்கியது. நாம் காப்பி ஆற்றுகிற வேகமில்லை, கோடிக்கணக்கான வருடம். சூட்டில் படிகத்துக்குள் கரைந்து கிடந்த இரும்பும் டைட்டேனியமும் ஆற ஆற உள்ளே இடம் போதாமல் பிரிந்து, கண்ணுக்குத் தெரியாத பழுப்புத் தகடுகளாக ஒரே வரிசையில் படுத்துவிட்டன. வெளிச்சம் சரியான கோணத்தில் அந்தத் தகடுகளில் பட்டால் செம்பு மினுக்கம்; கோணம் தப்பினால் கரித்துண்டு.

அந்த வாரமே கல்லைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மாமல்லபுரம் போனேன். அங்குள்ள பாறையும் இதே குடும்பம்தான், நிறம் மட்டும் வெளிர். அர்ச்சுனன் தபசில் யானையின் நெற்றி மேடு இன்றும் வழவழவென்று இருக்கிறது. அலை ஓசைக்குப் பக்கத்தில் நிற்கும், பல்லவ மன்னன் ராஜசிம்மன் கட்டிய கடற்கரைக் கோயிலில் பல உருவங்களுக்கு முகமே இல்லை. சுற்றுச்சுவர் நந்திகள் கரைந்த வெல்லம் மாதிரி உட்கார்ந்திருக்கின்றன. உப்புக்காற்று கல்லின் நுண்துளைகளில் புகுந்து, உப்பு படிகமாக இறுகி, பொடிப்பொடியாக உதிர்க்கிறது. ஹைப்பர்ஸ்தீன் இருக்கும் இடத்தில் ஈரம் இரும்பைத் துருவாக்கிக் கல்லுக்குப் பழுப்புத் தோல் போட்டுவிடுகிறது. தண்ணீரே பார்க்காமல் பிறந்ததை வங்கக் கடலோரம் கொண்டுபோய் நிறுத்தினால் வேறென்ன ஆகும்? ஆனாலும் 1,300 வருடம் நிற்கிறது. அலை தாக்காதிருக்கப் பிற்காலத்தில் கடலோரம் பாறைகளைக் கொட்டியிருக்கிறார்கள். கல்லுக்குக் கல்லே காவல்.

சிற்பக் கூடம் ஒன்றில் கல்லைக் காட்டினேன். பெரியவர் நாக்கில் தொட்டு ஈரமாக்கிப் பார்த்தார். "பளபளப்பு நல்லாத்தான் இருக்கு. உளிக்கு ஆகாது, ஐயா. இது நகை வேலைக்காரன் கல்லு," என்றார்.

நகை வேலைக்கு என்றால் காங்கேயம். அங்கே கல் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் எங்கள் உறவுக்காரருக்குப் பழக்கம். விளக்கடியில் கல்லைத் திருப்பியபடியே பேசினார். ஒளி ஊடுருவாது, ஆகவே பட்டை தீட்டிப் பயனில்லை. மேலே குமிழ் மாதிரி உருட்டினால்தான் மினுக்கம் நடுவில் திரளும். தகடுகள் படுத்திருக்கும் திசைக்குக் குமிழின் அடிப்பக்கம் இணையாக அமைய வேண்டும். சிறிது சாய்ந்தால் மினுக்கம் ஓரத்துக்கு ஓடிவிடும். மோதிரத்துக்கு வேண்டாம், பதக்கத்தில் வைக்கலாம் என்றார். சரியான பேச்சு. இதன் கடினம் ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில். வீட்டுத் தூசியில் பறக்கும் மணல் துகளுக்கு ஏழு. துடைக்கத் துடைக்க மங்கும். நவரத்தினத்தில் இதற்கு இடமில்லை, ராசி பலனும் இல்லை, அதனால் விலையும் இல்லை. ஒளி புகும் அளவுக்குத் தெளிவான துண்டு கிடைப்பது அபூர்வம். கிடைத்தால் ஒரு பக்கம் இளஞ்சிவப்பு, திருப்பினால் பச்சை. படத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

குச்சியில் அரக்கு உருக்கிக் கல்லை ஒட்டிச் சாணையில் வைத்தார். இரண்டு நிமிடம் இருக்கும். 'டிக்' என்று ஒரு சத்தம். ஹைப்பர்ஸ்தீன் சேர்ந்த பைராக்சீன் குடும்பத்துக்கே உள்ள குணம், ஏறக்குறையச் செங்குத்தாக வெட்டிக்கொள்ளும் இரண்டு பிளவுத் தளங்கள். அதில் ஒன்று வழிவிட்டுவிட்டது.

"இது நிக்காதுங்க," என்றார் அவர், எனக்காக வருத்தப்பட்டு. கூலி வாங்க மறுத்துவிட்டார். பிளந்த முகம் இரண்டும் சாணை பார்த்ததைவிடப் பளபளவென்று இருந்தன.

ஊர் திரும்பியபோது மேல்தளம் போட்டு முடித்திருந்தார்கள். மிச்ச ஜல்லியும் கலவையில் போய்விட்டது. தளத்தின் மேல் பாத்தி கட்டி, கணுக்கால் அளவு தண்ணீர் தேக்கியிருந்தார் மேஸ்திரி.

"பதினஞ்சு நாளைக்குத் தண்ணி வத்தாம பாத்துக்கங்க சார்."