படகுக்கு ஏற்ற வண்டி: அலிபாக் கரையில் கற்றது

செம்பூரில் அருகருகே குடியிருக்கும் நாங்கள் நான்கு தமிழ்க் குடும்பத்தினர் 2022-ஆம் ஆண்டில் கூட்டாக ஒரு படகு வாங்கினோம். ஊரிலிருந்து வந்த உறவினர்கள், “மனை வாங்கினார்கள், நகை வாங்கினார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். பம்பாய்க்குப் போய்ப் படகு வாங்கியவர்களை இப்போதுதான் பார்க்கிறோம்!” என்று வியந்தனர். எங்களில் ஒருவர் கடற்படையின் எஞ்சின் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவர், தூத்துக்குடிக்காரர். இந்த ஆசைக்கு வித்திட்டவர் அவரே. எங்கள் குழந்தைகள் அனைவருக்கும் அவர் ‘கப்பல் மாமா’.

படகு வாங்குவது பெரிதன்று. அதைக் கடலுக்குக் கொண்டு போய்த் திரும்பக் கொண்டு வருவதே பெரிது என்பதைப் பின்னரே உணர்ந்தோம். அதை இழுத்துச் செல்ல எவ்வகை வண்டி வேண்டும் என்ற கேள்வி எங்களிடையே இரண்டு ஆண்டுகள் விவாதப் பொருளாக இருந்தது. ஒரு கட்டத்தில் பேச்சு முற்றி, இரு வீட்டார் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத நிலையும் வந்தது. அந்த வழக்கு எப்படித் தீர்ந்தது என்பதைச் சங்கத்து அன்பர்களுக்குச் சொன்னால், இத்தகைய ஆசையுடைய பிறருக்கும் பயன்படக்கூடும் என்று கருதி எழுதுகிறோம்.

பன்வேலிலிருந்து கடலுக்கு

செம்பூர்க் கட்டடங்களில் கார் நிறுத்தவே இடமில்லை. படகுக்கு எங்கே போவது? ஆகவே பன்வேலில் நண்பர் ஒருவரின் தோட்டத்துக் கொட்டகையில், இரண்டு சக்கர டிரெய்லர் ஒன்றின்மீது எங்கள் படகு குடியிருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை இக்கடலில் சிறு படகுகளுக்கு வேலையில்லை. கேட்வேயிலிருந்து மாண்டவா செல்லும் பயணிகள் படகுகளே மழைக்காலத்தில் நின்றுவிடுகின்றன. எஞ்சிய எட்டு மாதங்களில் ஆறு அல்லது ஏழு முறை படகை அலிபாக் பக்கம் கொண்டு செல்கிறோம். போகவர ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நூற்று முப்பது கிலோமீட்டர்.

வழி மிக அழகானது. பன்வேலைத் தாண்டியதும் கர்னாலா காடு சாலையின் இருபுறமும் நெருங்கி வருகிறது. மேலே, கட்டை விரலை நிமிர்த்தி வைத்தாற்போல் ஒரு கரும்பாறை. அதன் அடியில் பழைய கோட்டை. அடுத்து வரும் பேண் நகரம் பிள்ளையார் சிலைகளுக்குப் பேர் பெற்றது. ஆவணி பிறப்பதற்கு வெகு முன்பே அங்குள்ள கூடங்களில் வண்ணம் பூசாத விநாயகர்கள் வரிசை வரிசையாக வீற்றிருப்பதைக் காணலாம். வட்கலில் சாலை பிரிகிறது: நேரே போனால் கோவா; வலப்புறம் திரும்பினால் அலிபாக். தரம்தர் கழியின் பாலத்தைக் கடந்து, கார்லே கிண்ட் என்னும் சிறு கணவாயில் ஏறி இறங்கினால், காற்றில் உப்பு மணக்கத் தொடங்கும்.

அலிபாகில் பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, பூமியின் காந்த சக்தியை அளக்கும் ஆய்வகம். பம்பாயில் மின்சார டிராம் வரப்போகிறது, அது கருவிகளைக் குழப்பிவிடும் என்று அஞ்சி, கொலாபாவிலிருந்த ஆய்வகத்தை 1904-இல் இங்கே மாற்றினார்கள். மற்றொன்று, கடலுக்குள் நிற்கும் கொலாபா கோட்டை. மராட்டியக் கடற்படைத் தலைவர் கான்ஹோஜி ஆங்கிரேயின் தளமாக விளங்கியது இது. கடல் வற்றியிருக்கும்போது நடந்தோ குதிரை வண்டியிலோ கோட்டைக்குப் போகலாம். ஏறியிருக்கும்போது படகு வேண்டும். முதல் பயணத்தில் இதை ஒரு வேடிக்கையாகவே பார்த்தோம். அதே கடல் எங்களுக்கு விடுத்த எச்சரிக்கை அது என்பது அப்போது புரியவில்லை.

பௌர்ணமி மாலை

2024 நவம்பர் 15, வெள்ளிக்கிழமை. குரு நானக் ஜயந்தி விடுமுறை, பௌர்ணமி. மீனவர் கிராமம் ஒன்றின் சிமெண்டுச் சரிவில், முற்பகல் பதினொரு மணிக்குப் படகை இறக்கினோம். கடல் சரிவின் மேற்பாதி வரை வந்திருந்தது. டிரெய்லரைச் சற்றே பின்னுக்குத் தள்ளியதும் படகு தானாக மிதந்தது. காரின் சக்கரம்கூட நனையவில்லை. “இவ்வளவுதானா!” என்று எல்லோரும் மகிழ்ந்தோம்.

மாலை ஐந்தரை மணிக்குத் திரும்பியபோது அந்தக் கரையை எங்களால் அடையாளம் காண முடியவில்லை. சிமெண்டுச் சரிவு முடிந்து, அதற்கப்பால் முப்பது நாற்பது தப்படி தூரம் சேறு கலந்த ஈர மணல். கடல் அதற்கும் அப்பால் போயிருந்தது. பொழுது சாய்கிறதே என்ற அவசரத்தில், எங்களில் ஒருவர் காரைச் சிமெண்டுச் சரிவைத் தாண்டி மணலில் இறக்கினார். படகை டிரெய்லரில் ஏற்றியும் விட்டோம். ஆனால் கார் நகரவில்லை. அது முன் சக்கரங்களால் இயங்கும் கார். பின்னால் பாரம் அழுத்தியதால் முன்பக்கம் இலேசாகிவிட்டது; மேட்டை நோக்கி ஏறும்போது இன்னும் இலேசாயிற்று. சக்கரங்கள் சுற்றச் சுற்றக் குழி ஆழமானது.

ஆறு மணிக்குக் கதிரவன் மறைந்தான். சிறிது நேரத்தில் கடல் திரும்பியது. அன்றிரவு நள்ளிரவுக்குள் அது மூன்று மீட்டருக்கு மேல் ஏறும் என்பதைக் கப்பல் மாமா அறிவார். முதல் ஒரு மணி நேரம் கடல் மெதுவாகவே ஏறும். மூன்றாம், நான்காம் மணிகளில் விரைந்து ஏறும். அவர் குழந்தைகளை மேலே அனுப்பிவிட்டு, எங்களிடம் தாழ்ந்த குரலில், “எட்டு மணிக்குக் கார் தண்ணீரில் நிற்கும்” என்றார். பேச்சற்று நின்றோம்.

அப்போது கோலி மீனவப் பெரியவர் ஒருவர் தம் மக்களுடன் வந்தார். மீன் கூடைகள் ஏற்றும் அவருடைய பழைய பிக்-அப் வண்டியில் நான்கு சக்கர இயக்கம் இல்லை. புதுமை ஏதும் இல்லை. அவர் அந்த வண்டியை மணலில் இறக்கவே இல்லை. சரிவின் உச்சியில், உலர்ந்த தரையில் நிறுத்தினார். தடித்த நைலான் கயிற்றை அங்கிருந்து கார் வரை நீட்டினார். முதலில் டிரெய்லரைக் கழற்றிக் காரை மட்டும் மேலேற்றினார். பிறகு டிரெய்லரின் சக்கரங்களுக்கடியில் பலகைகளைப் போட்டுப் படகையும் இழுத்தார். டிரெய்லர் சிமெண்டைத் தொட்டபோது மணி ஏழரை; அதன் சக்கரங்களைக் கடல்நீர் நனைத்துக்கொண்டிருந்தது. குழந்தைகள் “காகா, காகா” என்று அவரைச் சூழ்ந்துகொண்டனர். அவரோ டீசல் செலவுக்கு மேல் ஒரு காசும் வாங்க மறுத்துவிட்டார். “வண்டியில் குறையில்லை, நிறுத்திய இடத்தில்தான் குறை” என்று மராட்டியில் சொல்லிச் சிரித்தார்.

எடையும் வண்டியும்

ஊருக்குத் திரும்பியதும் சர்ச்சை தொடங்கியது. ஒரு நண்பர், “இனிப் பெரிய பிக்-அப் வாங்கியே தீரவேண்டும்” என்றார். மற்றவர், “ஆண்டுக்கு ஏழு நாள் பயணத்துக்கு இருபது லட்சத்துக்கு மேல் யார் கொடுப்பது? டெம்போ பிடித்துக்கொள்வோம்” என்றார். காரை மணலில் இறக்கியது யார் என்ற பேச்சும் இடையே வந்தது. கப்பல் மாமா இருவரையும் அமரவைத்து, ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டார்.

பதினாறு அடிப் படகு 400 கிலோ, நாற்பது குதிரைச் சக்தி எஞ்சின் 95, நாற்பது லிட்டர் பெட்ரோல் 30, நங்கூரம், கயிறு, மிதவை அங்கிகள், ஐஸ் பெட்டி ஆகியவை 75, டிரெய்லர் 250. ஆக மொத்தம் 850 கிலோ. படகின் எடையை மட்டும் எண்ணி வண்டி தேடுபவர் பாதிக் கணக்கில் ஏமாந்து போவார். பிரேக் இல்லாத டிரெய்லருக்கு ஐரோப்பிய நாடுகள் விதித்துள்ள உச்ச வரம்பு 750 கிலோ. நம் டிரெய்லர் அதைத் தாண்டுகிறது. ஆகவே முதலில் டிரெய்லருக்குப் பிரேக் பொருத்தினோம். முன்னே செல்லும் வண்டி வேகம் தணியும்போது, டிரெய்லர் அதன்மீது சாயும் அழுத்தத்தாலேயே இந்தப் பிரேக் பிடிக்கும். இழுப்பதற்கு எஞ்சின் போதுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள்; நிறுத்துவதற்குப் பிரேக் போதுமா என்று கேட்பவர் குறைவு.

இரண்டாவது, கொக்கியின்மீது விழும் பாரம். அது மொத்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இருக்க வேண்டும். எங்கள் முதல் பயணத்தில் ஐஸ் பெட்டியையும் பெட்ரோலையும் படகின் பின்கோடியில் வைத்தோம். கொக்கியில் பாரம் குறைந்து, பேண் சாலையில் டிரெய்லர் பாம்புபோல் நெளிந்தது. அவற்றை முன்னே நகர்த்தியதும் நெளிவு நின்றது.

பிறகு வண்டிகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தோம். பிக்-அப் வண்டிகளின் உடல் உறுதியான இரும்புச் சட்டத்தின்மேல் அமைந்திருப்பதால் கொக்கி நன்றாகப் பற்றும். பின் சக்கரங்கள் இயக்குவதால் டிரெய்லரின் பாரம் பிடிப்பைக் கூட்டுகிறது. இசுசூ டி-மேக்ஸ் வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் இரண்டும் நான்கு சக்கர இயக்கத்துடன் கிடைப்பவை. வெளிநாடுகளில் பிரேக் உள்ள டிரெய்லருடன் 3,500 கிலோ இழுக்கத் தக்கவை என்று சொல்லப்படுபவை. எங்கள் 850 கிலோ அவற்றுக்கு ஒரு பொருட்டன்று. ஆனால் வெளிநாட்டு எண்ணை நம் நாட்டில் அப்படியே நம்பக் கூடாது. இங்கே தரப்படும் கையேட்டில் உள்ளதே கணக்கு. இரண்டும் ஐந்தே கால் மீட்டருக்கு மேல் நீளம். செம்பூர்ச் சந்தில் அவற்றைத் திருப்புவது கடலில் படகைத் திருப்புவதைவிடக் கடினம்.

சட்டத்தையும் பார்த்தோம். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் ஒரு வாகனமே. அதற்கும் பதிவு வேண்டும். கொக்கி பொருத்துமுன் போக்குவரத்து அலுவலகத்திலும் இன்சூரன்சு நிறுவனத்திலும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்வது நலம். சரக்கு வண்டியின் பின்தளத்தில் குழந்தைகளை உட்கார வைத்துப் போவது, கிராமங்களில் காணும் காட்சியேயானாலும், கூடவே கூடாது.

தீர்ந்த வழக்கு

எங்கள் நால்வரில் ஒரு குடும்பத்தினர் காப்பித் தூள் கடை நடத்துகிறார்கள். அந்த வீட்டு அம்மாள் இத்தனை நாளும் எங்கள் சர்ச்சையில் கலந்துகொள்ளவில்லை. ஒரு நாள் அவர் சொன்னார்: “மாதம் முழுவதும் மூட்டை ஏற்ற டெம்போவுக்கு வாடகை கொடுக்கிறோம். நீங்கள் ஏழு நாளுக்கு வண்டி தேடுகிறீர்கள். முந்நூறு நாளுக்கு வண்டி தேடினால் ஏழு நாளும் அதிலேயே அடங்கிவிடாதா?”

அதற்கு யாரிடமும் மறுமொழி இல்லை. நான்கு சக்கர இயக்கமுள்ள மஹிந்திரா பொலேரோ கேம்பர் ஒன்றைப் பழைய வண்டியாகக் கடையின் பெயரில் வாங்கினார்கள். இரட்டை வரிசை இருக்கை உண்டு; நீளம் ஐந்து மீட்டருக்குள். வார நாட்களில் அது காப்பிக் கொட்டை சுமக்கிறது. படகுக்குப் போகும் நாளில் மற்ற மூன்று குடும்பத்தினரும் டீசலும் வாடகையும் கொடுத்துவிடுகிறோம். பேசாதிருந்த இரு வீட்டாரும் அந்த வண்டிக்குச் சேர்ந்து பூசை போட்டார்கள்.

வண்டியோடு வேறு சில பழக்கங்களும் வந்தன. கோலிப் பெரியவர் வைத்திருந்ததைப் போன்ற ஒரு நீண்ட கயிறும் நான்கு பலகைகளும் எப்போதும் வண்டியில் இருக்கின்றன. கரை சேர்ந்ததும் டிரெய்லரை உடனே நீரில் இறக்குவதில்லை. ஓடிச் சூடேறிய சக்கரக் குடங்கள் குளிர்ந்த நீரில் முங்கினால் உப்பு நீரை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். அரை மணி நேரம் ஆறவிட்டு, விளக்குக் கம்பிகளையும் கழற்றிவிட்டு இறக்குகிறோம். வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரில் கழுவுகிறோம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது நாள் பார்ப்பது. மும்பைக் கரையில் பௌர்ணமி, அமாவாசை நாட்களில் ஏறக்குறைய நண்பகலிலும் நள்ளிரவிலும் கடல் உச்சத்துக்கு ஏறி, காலை மாலை ஆறு மணியளவில் வெகுதூரம் வற்றிவிடும். அட்டமி, நவமியை ஒட்டி ஏற்றமும் வற்றமும் சிறுத்துவிடும்; சிமெண்டுச் சரிவை விட்டுக் கடல் அதிக தூரம் போகாது. நம் வீடுகளில் எந்தச் சுபகாரியத்துக்கும் அட்டமி, நவமி ஆகாது. படகை ஏற்றி இறக்க அவையே உத்தமமான நாட்கள்!

இப்போது நாங்கள் பஞ்சாங்கத்தைப் பார்த்து, மற்றவர்கள் ஒதுக்கும் நாட்களையே தேர்ந்தெடுக்கிறோம். கப்பல் மாமாவின் வயதான தாயாருக்கு மட்டும் இதில் மனம் ஒப்பவில்லை. சென்ற பயணத்தன்று விடியற்காலையில், “நவமியில் கிளம்புகிறீர்களே!” என்று அங்கலாய்த்தவர், வண்டி புறப்படுமுன் வாசலுக்கு வந்து, கொக்கிக்கும் ஒரு குங்குமப் பொட்டு வைத்துவிட்டுப் போனார்.