செய்முறை பொது, அச்சு தனி

அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் 1987 முதல் நடந்துவரும் டிராகன் கான் ரசிகர் விழா, செப்டம்பர் தொடக்கத்தில் வரும் தொழிலாளர் தின விடுமுறையில் கூடுகிறது. நகர மையத்தின் பெரிய விடுதிகள் அந்த நாட்களில் வேடதாரிகளால் நிரம்பி வழியும். மேரியட் மார்க்கி விடுதியின் நடுக்கூடத்தில் நின்று கவனித்தால், படம் எடுத்துக்கொள்ளலாமா என்ற கேள்விக்கு அடுத்தபடியாகக் காதில் விழுவது, இதை எப்படிச் செய்தீர்கள் என்பதுதான். பதில் மழுப்பலாக வருவதில்லை. மார்புக் கவசம், உடற்பயிற்சிக் கூடத் தரையில் விரிக்கிற ஈவிஏ ஃபோம் பாயில் வெட்டியது. ஹீட் கன்னால் சூடேற்றி வளைத்துப் பிடித்தால் ஆறியபின் அந்த வளைவிலேயே நிற்கும். அதே சூட்டில் மேற்பரப்பின் நுண்துளைகளும் மூடிக்கொள்ளும். காண்டாக்ட் சிமென்ட்டை இரண்டு விளிம்பிலும் தடவி, ஈரம் போய்ப் பிசுபிசுப்பு மட்டும் மிஞ்சும்வரை பொறுத்திருந்து ஒரே முறையில் பொருத்த வேண்டும். பிறகு நகர்த்த வராது. பெயின்ட் வெடிக்காமலிருக்க அதற்கு முன்னால் ஒரு ரப்பர் பூச்சு. மாதக்கணக்கில் பட்டறிந்ததை, அன்று மாலை அதே மேடையில் ஏறப்போகிற போட்டியாளரிடமே இப்படி விரித்து வைக்கிறார்கள்.

நல்ல மனசுக்காரர்கள் என்று சொல்லி இதைக் கடந்துவிடலாம். எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. நல்ல மனசு எந்தக் கூட்டத்திலும் கொஞ்சம் இருக்கும். ஆனால் எல்லாத் தொழிலிலும் நுணுக்கங்கள் இப்படித் திறந்து கிடப்பதில்லை. எதைக் கேட்கலாம், எதைத் தொடக் கூடாது, யாருக்கு எந்தப் பெயரைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம் என்று வகுத்து வைத்திருக்கும் நடத்தை விதிகளால்தான் இங்கே அறிவு தாராளமாகப் புழங்குகிறது என்பது என் வாதம். கட்டுப்பாடு தளர்ந்தால் பகிர்வு பெருகும் என்று பொதுவாக நம்புகிறோம். காஸ்பிளே எனப்படும் இந்தக் கதாபாத்திர வேடக் கலையின் கூடங்களில் நான் காண்பது அதற்கு நேர்மாறானது.

இந்தப் பொழுதுபோக்கின் வரலாறே இதற்குச் சாட்சி. 1939 ஜூலையில் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு, மிர்ட்டில் டக்ளஸ் என்ற ரசிகை தனக்கும் தன் நண்பர் ஃபாரஸ்ட் ஜே. ஆக்கர்மனுக்கும் எதிர்கால மனிதர்களின் உடைகளைத் தைத்துக் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டு சிகாகோ மாநாட்டிலேயே வேடப் போட்டி வந்துவிட்டது. போட்டி என்று வந்தால் கைதேர்ந்தவர்களே திரும்பத் திரும்ப வெல்வார்கள், புதியவர்கள் ஒதுங்குவார்கள், வென்றவர்களுக்கும் சொல்லிக்கொடுப்பதில் தயக்கம் பிறக்கும். இதற்குக் கண்ட வழி, போட்டியாளர்களைத் திறன் அடிப்படையில் பிரிப்பது. புதியவர், தேறியவர், வல்லுநர் என்ற படிநிலைகளில் தன் நிலைக்கு மேலே போய்ப் போட்டியிடலாம், கீழே இறங்கக் கூடாது. 1983இல் தொடங்கிய காஸ்ட்யூம் கான் மாநாடும், 1985இல் உருவான சர்வதேச உடைக் கலைஞர் கூட்டமைப்பும் இந்த முறைக்கு நிலையான வடிவம் கொடுத்தன. பார்வைக்கு இது வெறும் நிர்வாக ஏற்பாடு. ஆனால் இதன் விளைவு ஆழமானது: வல்லுநர் ஒருவர் புதியவருக்குத் தையல் நுணுக்கம் சொல்லிக்கொடுத்தால் தன் பரிசுக்கு உலை வைத்துக்கொள்வதாக ஆகாது. கற்பிப்பதிலிருந்த நஷ்டத்தை விதி நீக்கிவிட்டது. மிச்சத்தை மனித இயல்பு பார்த்துக்கொண்டது.

கைவேலைத் திறனுக்கான மதிப்பீடும் இப்படித்தான். மேடையில் வேடம் எப்படித் தெரிகிறது என்பது ஒன்று. உடையின் உள்மடிப்பைத் திருப்பி, தையலைத் தடவிப் பார்த்து மதிப்பிடுவது வேறொன்று. எந்தப் பகுதியை யார் செய்தார், எது விலைக்கு வாங்கியது என்று போட்டியாளரே நடுவரிடம் சொல்லிவிட வேண்டும். வாங்கியதைப் பயன்படுத்துவது குற்றமில்லை. அதைத் தன் கைவேலையாகக் காட்டுவதுதான் குற்றம். ஒரு கிரீடத்தை நண்பர் வார்த்துக்கொடுத்திருந்தால் அவர் பெயர் சொல்லப்படும். உதவியவர் பெயர் மறைந்துபோகாது என்ற உத்தரவாதம் இருக்கும் இடத்தில் உதவி தானாக வருகிறது. மேடைக்குப் பின்னாலிருக்கும் காத்திருப்பு அறையில், ஊசி நூல், சேஃப்டி பின், பசைத் துப்பாக்கி பரப்பிய பழுதுபார்க்கும் மேசை இருப்பதும், கிழிந்த ஓரத்தை எதிர்ப்போட்டியாளரே உட்கார்ந்து தைத்துக் கொடுப்பதும் இந்தச் சூழலில் இயல்பான காரியங்கள்.

தொடுவதும் படமெடுப்பதும் பற்றிய விதிகளை வெறும் கண்ணியம் என்று பார்ப்பவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள். கேட்காமல் தொடாதே, நடைபாதையை மறித்து நிறுத்தாதே, கேட்காத குறையைச் சொல்லாதே, ஏனென்றால் அந்தக் குறை செய்தவருக்கு உன்னைவிட நன்றாகத் தெரியும். 1972இல் லாஸ் ஏஞ்சலஸில் நடந்த உலக அறிவியல் புனைகதை மாநாட்டில் ஒருவர் உடம்பெல்லாம் நிலக்கடலை வெண்ணெய் பூசிக்கொண்டு வேடமிட்டார். மேடை விளக்கின் சூட்டில் அது உருகி அக்கம்பக்கத்து உடைகளில் ஒட்டிக்கொண்டதால், நிலக்கடலை வெண்ணெய்க்கே தடை வந்தது. சிரிப்பை வரவழைக்கும் இந்த விதிக்குள் இருப்பது தீவிரமான கொள்கை: உன் கற்பனை அடுத்தவர் உழைப்பைக் கெடுக்கக் கூடாது. 2014இல் நியூயார்க் காமிக் கான், வேடமிட்டிருப்பது சம்மதமாகாது என்று பலகை வைத்தது. கண்ட கைகள் மேலே படும் என்று அஞ்சுகிற பெண், கூடத்தில் நின்று தன் கச்சையின் எலும்புப்பட்டை எப்படிக் கோக்கப்பட்டது என்று விளக்கிக்கொண்டிருக்க மாட்டார், அறைக்குப் போய்விடுவார். பாதுகாப்பு இல்லாத இடத்தில் பேச்சு சுருங்கும், பேச்சு சுருங்கினால் கற்பித்தல் நின்றுபோகும்.

எல்லா விதிகளிலும் கூர்மையானது, செய்முறைக்கும் நகலுக்கும் இடையே போடப்பட்ட கோடு. தலைக்கவசத்துக்கு எப்படி அச்சு எடுப்பது, எந்தச் சிலிக்கான், எவ்வளவு பிசின் என்று யாரும் கேட்கலாம். ஆனால் ஒருவர் செதுக்கி வார்த்த கவசத்தை வாங்கி, அதிலிருந்தே அச்சு எடுத்து நகல்களை விற்பதை இந்த வட்டாரம் மன்னிப்பதில்லை. ரீகாஸ்ட் என்ற சொல் இங்கே திருட்டுக்குச் சமம். மூல வடிவமே ஏதோ ஒரு படநிறுவனத்துக்குச் சொந்தம், அதை நகலெடுத்தவருக்கு என்ன உரிமை என்று கேட்கலாம். சட்டம் அப்படித்தான் கேட்கும்; சட்டத்துக்கே இந்த இடத்தில் கால் வழுக்குகிறது. ஸ்டார் வார்ஸ் ஸ்டார்ம்ட்ரூப்பர் தலைக்கவசம் சிற்பமல்ல, ஆகவே சிற்பத்துக்குரிய பதிப்புரிமை அதற்கில்லை என்று 2011இல் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2017இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், சியர்லீடர் சீருடை வழக்கில், உடையிலிருந்து பிரித்துப் பார்க்கக்கூடிய அலங்கார வடிவத்துக்குப் பதிப்புரிமை உண்டு, உடையின் வெட்டுக்கு இல்லை என்ற நிலைக்கு வந்தது. இத்தனை குழப்பமான இடத்தில் ரசிகர்களின் வழக்காறு தெளிவாக இருக்கிறது: கதாபாத்திரம் யாருடையதாக இருந்தாலும், செதுக்கிய உழைப்பு செதுக்கியவருடையது. பிரெஞ்சுச் சமையல் வல்லுநர்களைப் பற்றி ஃபோஷார், வான் ஹிப்பல் என்ற ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டியது. நீதிமன்றம் இல்லாமலேயே அவர்களிடம் மூன்று நெறிகள் செயல்பட்டன: அப்படியே நகலெடுக்கக் கூடாது, நம்பிச் சொன்னதை அனுமதியின்றி மூன்றாமவரிடம் சொல்லக் கூடாது, கண்டுபிடித்தவர் பெயரைச் சொல்ல வேண்டும். அந்த நெறிகள் இருந்ததால்தான் அவர்கள் ஒருவருக்கொருவர் குறிப்புகளைச் சொல்லிக்கொண்டார்கள்.

இந்த ஏற்பாடு என்ன விளைச்சல் தந்தது என்பதற்கு ஆர்டூ பில்டர்ஸ் கிளப் போதும். 1999இல் தொடங்கிய இந்த ரசிகர் குழு, ஸ்டார் வார்ஸ் படங்களில் வரும் ஆர்டூ-டிடூ ரோபோவின் அளவுகளையும் வரைபடங்களையும் உறுப்பினர்களுக்குள் பகிர்ந்து வளர்த்தது. 2013இல் ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் நடந்த ஸ்டார் வார்ஸ் விழாவில் இவர்களின் ரோபோக்களைத் தயாரிப்பாளர் கேத்லீன் கென்னடி பார்த்தார். 2015இல் வெளிவந்த தி ஃபோர்ஸ் அவேக்கன்ஸ் படத்துக்கு ஆர்டூவைக் கட்டித்தர அந்தக் குழுவின் இருவரே அழைக்கப்பட்டார்கள். படநிறுவனம் பொழுதுபோக்குக்காரர்களிடம் கற்றுக்கொள்ளும் நிலை வந்தது. தனி ஒரு மேதையால் இது நடக்கவில்லை. பல ஊர்க்காரர்களின் பிழைகளும் திருத்தங்களும் ஒரே இடத்தில் சேர்ந்ததால் நடந்தது.

இதற்கு மறுப்புகள் உண்டு. முதலாவது, விதி என்ற பெயரில் இவர்கள் வாசலில் காவல் நிற்கிறார்கள் என்பது. 1997இல் தொடங்கிய ஸ்டார் வார்ஸ் வேடதாரிகளின் குழுவான 501ஆம் லீஜியன், ஒவ்வொரு கவசத்தின் பொத்தான் வரை சரிபார்த்துத்தான் உறுப்பினரைச் சேர்க்கிறது. ஆனால் அந்த அளவுகோல் யாரும் பார்க்கும்படி, படத்துடன், பாகம் பாகமாக வெளியிடப்பட்டிருக்கிறது. எட்டவேண்டிய உயரம் முன்கூட்டியே தெரிந்தால் அது பாடத்திட்டம்; தெரியாமலிருந்தால்தான் அது தடுப்புச் சுவர். உண்மையான காவல் வேறிடத்தில் நிற்கிறது: தோல் நிறத்தையும் உடல் பருமனையும் காட்டி, இந்தக் கதாபாத்திரம் உனக்குப் பொருந்தாது என்பவர்களிடம். 2015 பிப்ரவரியில் கறுப்பினக் காஸ்பிளேயர்கள் தங்கள் படங்களை நாள்தோறும் வெளியிடும் இயக்கத்தைத் தொடங்கவேண்டி வந்தது இந்தக் கைவினைக்கு ஒரு கறை. விதிகள் மிகுந்ததால் வந்த கறை அல்ல அது. கேட்காத விமர்சனம் வேண்டாம் என்ற விதியை எல்லோருக்கும் சமமாகப் பொருத்தாததால் வந்தது.

இரண்டாவது மறுப்பு பணம். காஸ்பிளே கலைஞர் யாயா ஹானின் பெயரில் மெக்கால்ஸ் நிறுவனம் தையல் பேட்டர்ன்களை விற்றது. ஜெர்மனியின் கமுய் காஸ்பிளே கவசம் செய்யும் முறைகளைப் புத்தகமாக விற்கிறது. காசு வந்த இடத்தில் பகிர்வு சாகும் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விற்கப்படுவது ரகசியமல்ல, ஒழுங்குபடுத்திய உழைப்பு. அதே நபரிடம் நேரில் கேட்டால் பதில் இலவசமாகவே கிடைக்கிறது. ஆபத்து, விளம்பரக் கூலியை மறைத்துக்கொண்டு ஒரு பொருளைச் சிபாரிசு செய்வதில் இருக்கிறது. யார் செய்தது என்று சொல்லக் கடமை இருப்பதுபோல, யார் காசு கொடுத்தது என்று சொல்லும் கடமையும் சேர வேண்டும். மூன்றாவது, முப்பரிமாண அச்சு இயந்திரம் வந்தபின் கைவேலை எதற்கு என்பது. அச்சில் வந்த கவசம் வரிவரியாகத்தான் வரும். தேய்த்து, நிரப்பி, வார் பூட்டி, மூச்சு விடும் உடம்பின் மேல் அதை உட்காரவைக்கும் அறிவு எந்தக் கோப்பிலும் இல்லை.

2024 பிப்ரவரியில் சென்னைக்கும் காமிக் கான் வந்தது. வெளிநாட்டுச் செய்முறைகள் இங்கே அப்படியே செல்லாது. முப்பரிமாண அச்சுக்குப் பயன்படும் பிஎல்ஏ பிளாஸ்டிக் ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கும். மே மாத வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்த தலைக்கவசம் என்னவாகும் என்பதை இந்த ஊர்க்காரர்கள்தான் ஒருவருக்கொருவர் சொல்லியாக வேண்டும். அந்தப் பேச்சு நடக்க வேண்டுமானால், விழா நடத்துவோர் பரிசுத் தொகையை உயர்த்துவதற்கு முன் மூன்று காரியங்களைச் செய்வது நல்லது: போட்டியைத் திறன் நிலைகளாகப் பிரிப்பது, செய்தவர் பெயரையும் உதவியவர் பெயரையும் கட்டாயமாகக் கேட்பது, கூடத்தில் ஒரு பழுதுபார்க்கும் மேசை போடுவது. பரிசு பெரிதாகி இந்த மூன்றும் இல்லாமல் போனால், திறமைசாலிகள் பெருகுவார்கள், சொல்லித்தருபவர்கள் குறைவார்கள்.