ஓத வாடை

ஐப்பசி, கார்த்திகை அடைமழை ஒருவழியா விட்டுருச்சு. வயல்ல தண்ணி வடிஞ்சாலும் வீட்டுச் சுவர்ல வடியல. எங்க வீட்டுத் தெருப்பக்க அறையைத் திறந்தாலே ஈரச் சாக்கை மூடி வச்ச மாதிரி ஒரு வாடை. போன வருசம் பேத்தி ரெண்டு ராத்திரி அந்த அறையிலதான் படுத்தா. ரெண்டு ராத்திரியும் மூச்சு இரைச்சு, பொண்ணு விடிய விடிய அவளை மடியில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தா. மாப்பிள்ளை எதுவும் சொல்லல. ஆனா ஆடியில ஊருக்கு வந்தவங்க சாயங்காலமே கிளம்பிட்டாங்க.

சாம்பிராணி போடுங்கன்னு ஆளாளுக்குச் சொன்னாங்க. ஈர நெல்லு மூட்டை மேல சாம்பிராணி காட்டினா நெல்லு காஞ்சுருமா? விதைநெல்லைப் பல்லுல கடிச்சு, கடக்குன்னு உடைஞ்சாத்தான் மூட்டை கட்டுவோம். வாடை ஈரத்தோட பிள்ளை. ஈரம் எங்கேயிருந்து வருதுன்னு முதல்ல பார்க்கணும்.

அதுக்கு ஒரு சுலபமான வழி இருக்கு. உர மூட்டைக்குள்ள வர்ற பிளாஸ்டிக் பையை ஒரு முழத்துக்கு வெட்டி, நாலு ஓரமும் காத்துப் புகாம சுவர்ல டேப் போட்டு ஒட்டினேன். ரெண்டு நாள் கழிச்சுப் பார்த்தா, சுவரை ஒட்டின பக்கம் முத்து முத்தா தண்ணி. அப்போ ஈரம் சுவருக்குள்ளேருந்து வருது. அறையைப் பார்த்த பக்கம் வேர்த்திருந்தா, ஈரம் அறைக் காத்துல இருக்குன்னு அர்த்தம்.

காரணம் வாசல்லயே கிடந்தது. தெருவுல பழசைப் பெயர்க்காம மேல மேல சிமெண்ட் ரோடு போட்டு, இப்போ ரோடு எங்க வாசப்படியை விட உசரம். மழைத்தண்ணி முழுக்க சுவரடியில வந்து நிக்குது. செங்கல் அதைத் திரி எண்ணெய் உறிஞ்சுற மாதிரி மேல இழுக்குது. உள்ளே அப்பா காலத்துல பூசின சிமெண்ட், அதுக்கு மேல பெயிண்ட். ஏறின ஈரம் லேசுல வெளியே போக வழியில்ல. பெயிண்ட் பொரிஞ்சு உதிருது, பீரோவுக்குப் பின்னால கருப்பா பூசணம்.

முதல்ல சுவரை விட்டு அரை அடி தள்ளி வாய்க்கால் வெட்டி, தண்ணியைக் கொல்லைப் பக்கம் திருப்பினேன். அது நமக்குத் தெரிஞ்ச வேலை. அப்புறம் கொத்தனாரை வச்சு இடுப்பளவுக்கு சிமெண்ட் பூச்சைக் கொத்தி எடுத்தோம். அதுக்கு முன்னாடி பூசணத்தை சோப்புத் தண்ணியில நனைச்ச துணியால துடைச்சாச்சு. காஞ்ச விளக்குமாத்தால தட்டினா தூள் பறந்து வீடு முழுக்கப் பரவும். மூக்குல துண்டைக் கட்டிக்கணும். பிளீச்சிங் பவுடர் போடுறவங்க, அதோட கக்கூஸ் கழுவுற ஆசிட்டை மட்டும் சேர்த்துடாதீங்க. விஷவாயு வரும்.

கொத்தின சுவரைப் பதினஞ்சு நாள் காயவிட்டு, சுண்ணாம்பும் மணலும் குழைச்சுப் பூசினோம். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விட்டுரும். பூசணத்துக்கு சுண்ணாம்புக் காரம் ஆகாது. மேல வெள்ளையடிக்க கிளிஞ்சல் சுண்ணாம்பு வாங்கித் தாளிச்சேன். தண்ணியில போட்டா கொதிச்சுத் தெறிக்கும், புள்ளைங்களைக் கிட்ட விடக்கூடாது. கஞ்சி சேர்த்தா ஒட்டும்னு கொத்தனார் சொன்னார். நான் வேணாம்னுட்டேன், பூசணத்துக்கு அதுவே தீனி.

பிளாட்டுல இருக்கிறவங்க வாய்க்கால் வெட்ட முடியாதுதான். ஆனா பீரோவை சுவரை விட்டு அரை அடி தள்ளிப் போடலாம். படுக்கிற அறையில ஈரத்துணி காயப்போடாதீங்க. மழை பெய்யும்போது ஜன்னலைத் திறந்தா ஈரக்காத்துதான் உள்ளே வரும். வெயில் வந்ததும் எதிரெதிர் ஜன்னலைத் திறந்து ஃபேனைப் போடுங்க. பூசணம் பிடிச்ச தலகாணியை தூக்கிப் போட்டுருங்க, அதைத் துவைச்சுத் தேத்த முடியாது.

நேத்து அறையை ராத்திரி முழுக்கச் சாத்தி வச்சு, காலையில திறந்து மோந்து பார்த்தோம். எனக்கு சுண்ணாம்பு வாடை மட்டும்தான் தெரிஞ்சது. வீட்டம்மா மூலையில குனிஞ்சு, இங்கே கொஞ்சம் இருக்குங்கறா. மறுபடியும் பிளாஸ்டிக் பையை அங்கே ஒட்டியிருக்கேன். பொங்கலுக்கு வரச்சொல்லி பொண்ணுக்கு இன்னும் போன் பண்ணல. நாளன்னைக்குப் பையைப் பிரிச்சுப் பார்த்துட்டுத்தான்.