விற்காமல் வைத்த விளைச்சலுக்கு

கொல்லிமலையின் மேட்டுக்காடுகளில் இன்றைக்கும் சாமையும் தினையும் கேழ்வரகும் விதைத்துவரும் அம்மாமாருக்கும் அக்காமாருக்கும்,



சிறுதானியத்துக்கு இப்போது பாராட்டுக்குப் பஞ்சமில்லை. இந்தியா முன்மொழிய, ஐ.நா. பொதுச்சபை 2021 மார்ச்சில் தீர்மானம் போட, 2023-ஐ உலகச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடி முடித்துவிட்டோம். தினை லட்டும் வரகு முறுக்கும் நகரத்துக் கடைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டன. மேடையேறியவர்கள் எல்லாரும் சந்தைக்கு வந்த தானியத்தைப் புகழ்ந்தார்கள். நீங்கள் சந்தைக்குக் கொண்டுவராமல் வீட்டில் வைத்துக்கொண்டீர்களே, அந்தத் தானியத்துக்கு நன்றி சொல்லத்தான் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி உங்கள் சாமைக்காட்டுக்கு மலையேறிய கதை உங்களுக்குத் தெரியும். கீழ்நாட்டில் இருந்து இதைப் படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப் போரின்போது மலேயாப் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசி நின்றுபோனது. சேலத்தில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். ஆத்தூர், ராசிபுரம் வட்டாரம் முழுக்க ஆலைகள் பெருகின. ஆலைக்காரர்களுக்கென்றே 1981-இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கமும் வந்தது. ஆலைகளின் பசிக்குக் கீழ்க்காடு போதாமல் கிழங்கு மலைச் சரிவுக்கும் ஏறியது. சாமைக்கு வேண்டிய அளவு கைவேலை அதற்கு வேண்டாம். இடிக்கவும் புடைக்கவும் வேண்டாம். பத்து மாதம் பொறுத்தால் லாரி வந்து ஏற்றிக்கொள்ளும், கையில் ரொக்கம் நிற்கும். பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தையும் ஆஸ்பத்திரிச் செலவையும் சாமை மூட்டையால் கட்ட முடியாது. கிழங்கு போட்டவர்களைக் குறை சொல்கிற கட்டுரைகளைப் படித்திருக்கிறேன். மாதச் சம்பளக்காரர்கள் எழுதியவை அவை.

சரிவில் கிழங்கைப் பிடுங்கும்போது மண் கிளறப்பட்டு மழையில் போகும் என்பதும், அது நிலத்தின் சத்தை உறிஞ்சிவிடும் என்பதும் உங்களுக்கு யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. கிழங்கும் போட்டீர்கள், வீட்டை ஒட்டிய காட்டில் ஒரு துண்டைக் கிழங்குக்குக் கொடுக்காமலும் வைத்தீர்கள். அந்தத் துண்டில் கேழ்வரகு, ஊடே அவரையும் மொச்சையும், கூடக் கொஞ்சம் கடுகு, கீரை, ஓரத்தில் ஆமணக்கு. வருமானக் கணக்குப் போடுகிறவர்கள் அதைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை, ஏனென்றால் அதிலிருந்து ஒரு ரூபாயும் கை மாறுவதில்லை.

1990-களின் பிற்பகுதியில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் உங்கள் ஊர்களுக்கு வந்து விதைகளைப் பற்றி விசாரித்தார்கள். அவர்கள் எழுதி வைத்த பெயர்களைப் படித்தபோது எனக்கு மலைப்பாக இருந்தது. சாமையில் கட்டவெட்டிச் சாமை, சடஞ்சாமை, மல்லியச் சாமை, வெள்ளைப் பெருஞ்சாமை, திரிகுலச் சாமை. தினையில் செந்தினை, பெருந்தினை, பாலாந்தினை, மூக்காந்தினை, கோராந்தினை. கேழ்வரகில் காரக்கேழ்வரகு, சுண்டங்கி, சட்டைக் கேழ்வரகு, அரிசிக் கேழ்வரகு. குறுகிய நாளில் வருவது ஒன்று, நின்று நிதானமாக வருவது ஒன்று, மெலிந்த மண்ணிலும் தேறுவது ஒன்று. இத்தனையும் பல பத்தாண்டுகளாக எந்த அரசுப் பண்ணையும் விதை தராமல் உயிரோடு இருந்தன. வீட்டில் அவற்றைத் தின்றுகொண்டிருந்தீர்கள், அதனால் இருந்தன. இன்னதன் களிக்கு இன்ன ருசி என்று நாக்கு கேட்டது, அதனால் தனித்தனியாக இருந்தன.

கார்த்திகை, மார்கழியில் உங்கள் வீடுகளுக்கு வந்தவன் என்பதால் அந்த நாட்களைப் பற்றிக் கொஞ்சம் விரித்தே சொல்ல ஆசை. முட்டைக்கும் லாரிக்கும் பேர்போன நாமக்கல்லில் மார்கழியிலும் மதியத்துக்கு மின்விசிறி போடுவோம். ஆயிரம், ஆயிரத்து முந்நூறு மீட்டர் உயரத்தில் இருக்கும் உங்கள் ஊர்களில் காலை ஒன்பது மணிக்கும் எதிர்வீட்டுக் கூரை தெரியாது. சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகுக்கொடியிலிருந்து பனி சொட்டும். காப்பிப் பழம் சிவந்து நிற்கும் காலம். பறித்த பழம் வியாபாரிக்குப் போகும். தரையில் உதிர்ந்ததைப் பொறுக்கி, காயவைத்து, ஓட்டில் வறுத்து, உரலில் இடித்து, வெல்லம் தட்டிப் போட்டு நீங்கள் தந்த கறுப்புக் காப்பியின் ஏலம் எந்தச் சந்தையிலும் நடக்காது.

பொழுது சாய்ந்தால் வீட்டில் சூடான இடம் அடுப்படி ஒன்றுதான். கொதிக்கும் நொய்யில் கேழ்வரகு மாவைக் கொட்டி, பானையைக் காலால் அணைத்துக்கொண்டு துடுப்பால் கிண்டும்போது கட்டி தட்டாமல் பார்த்துக்கொள்வது எளிய வேலை இல்லை. கிண்டி உருட்டிய களிக்கு அன்றன்றைக்குக் காட்டில் கிடைத்ததுதான் குழம்பு. மார்கழி பிறந்தால் பச்சை மொச்சை. வேலியோரத்தில் தானாக முளைத்த சுக்குட்டிக்கீரையின் கடைசல். தொண்டை கரகரத்தால் கொள்ளு ரசம், அதில் உங்கள் வீட்டு மிளகு, கை நிறைய. கீழே நாங்கள் மிளகை எண்ணிப் போடுகிறோம். பாறையிலும் மரத்திலும் பற்றி வளரும் முடவாட்டுக்கால் கிழங்கைச் சீவி நீங்கள் வைக்கும் சாறு இப்போது சுற்றுலாக்காரர்களுக்கு அலைபேசியில் படம் பிடிக்கும் பொருளாகிவிட்டது. அதைக் கூடை கூடையாகப் பெயர்த்து விற்கும் வேகத்தைப் பார்த்தால் உங்கள் பேத்திகளுக்கு மிஞ்சுமா என்பது சந்தேகம்தான். இரவு மிஞ்சிய களிக்குத் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் மோர் விட்டுக் கரைத்துக் காட்டுக்குப் போகலாம். சாமைத் தாள் மாட்டுக்கு, உமியும் குருணையும் கோழிக்கு. கடையில் வாங்கியது என்று பார்த்தால் உப்பு, எண்ணெய், தீப்பெட்டி, எப்போதாவது கருவாடு.

இதைச் சிக்கனம் என்று சொன்னால் சரியாக வருமா என்று யோசிக்கிறேன். ஊரில் சிக்கனம் என்றால் ஆசைப்பட்டதை வாங்காமல் அடக்கிக்கொள்வது. உங்கள் அடுப்படியில் யாரும் எதையும் அடக்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. அது ஒரு வரிசை. உங்களில் ஒரு அக்கா, வாசலில் காய்ந்துகொண்டிருந்த கேழ்வரகுக் கதிரைக் காட்டி எனக்குச் சொன்னார்: “நல்ல கதுராப் பாத்து எடுத்தது வித்துக்கு. அப்பறம் ஊட்டுக்கு. மிச்சமிருந்தாச் சந்தைக்கு.” பொருளாதாரம் படித்தவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாகத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

வித்துக்கு எடுத்ததை வைக்கும் விதமும் சொல்லத் தக்கது. சாணம் மெழுகிய மூங்கில் கூடையில், சாம்பலும் நொச்சி இலையும் கலந்து, அடுப்புப் புகை படும் இடத்தில் வைத்தால் பூச்சி அண்டாது. வீட்டில் விதை கெட்டுப்போனால் பக்கத்து வீட்டில் வாங்கலாம். அறுப்பு முடிந்ததும் வாங்கிய அளவுக்கு மேல் ஒரு கை சேர்த்துத் திருப்பித் தருவது வழக்கம். கொரியர்கள் குளிர் இறங்குவதற்கு முன் கூடி உட்கார்ந்து கிம்ச்சி போட்டு வைக்கும் வழக்கத்தை 2013-இல் யுனெஸ்கோ மானுடத்தின் பண்பாட்டுச் செல்வங்களில் ஒன்றாகப் பதிந்தது. நல்ல காரியம். உங்கள் கார்த்திகை மாதத்துக் கூடைகளுக்கு எந்தப் பதிவேட்டிலும் இடமில்லை. வேண்டும் என்று நீங்கள் கேட்கவும் இல்லை.

உலக்கையை மட்டும் நான் பாட்டாக்க மாட்டேன். சாமையின் உமி இறுக்கமானது. நாள் முழுக்கக் காட்டு வேலை செய்துவிட்டு வந்து, ராத்திரிச் சோற்றுக்கு உரல் முன்னால் நின்றவர்கள் நீங்கள். வீட்டு ஆண்கள் அந்தப் பக்கம் வந்ததாகத் தெரியவில்லை. கையில் காய்ப்பு, தோளில் வலி. வீட்டுக்கு வந்த மருமகள் “சாமை வேண்டாம், அரிசியே போதும்” என்று சொன்னால் அதில் என்ன தப்பு? பழமையைப் போற்றுகிறவர்கள் இந்த இடத்தை நைசாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். 2000-க்குப் பிறகு ஆராய்ச்சி நிறுவனத்தின் உதவியோடு உமி நீக்கும் சிறு இயந்திரங்கள் உங்கள் ஊர்களுக்கு வந்தன, அவற்றைச் சுயஉதவிக் குழுக்கள் ஏற்று நடத்தின. மேடைப் பேச்சுகள் எல்லாம் சேர்ந்து செய்ததைவிட அந்த இயந்திரம் சாமைக்கு அதிகம் செய்தது என்பது என் எண்ணம்.

ரேஷன் அரிசியையும் நான் குறை சொல்ல மாட்டேன். 2011 ஜூனிலிருந்து தமிழ்நாட்டில் அது விலையில்லாமல் கிடைக்கிறது. மழை ஏமாற்றிய வருடங்களில் அடுப்பு அணையாமல் காத்தது அது. அதற்கும் நன்றி சொல்லவேண்டும். ஆனால் குழந்தையின் தட்டு மூன்று வேளையும் வெள்ளையாகவே இருந்தால் எதை இழக்கிறோம் என்பதும் கணக்குத்தான். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. தீட்டிய அரிசியில் அதில் முப்பதில் ஒரு பங்குகூடத் தேறாது. பாலை விற்றுவிட்டு வரக்காப்பி குடிக்கும் வீடுகளில் இந்த வித்தியாசம் எலும்பில் தெரியும்.

2020-இல் மரவள்ளிக்கு வெளிநாட்டு மாவுப்பூச்சி வந்து நாமக்கல், சேலம் காடுகளில் செடியின் குருத்தைச் சுருட்டியது உங்களுக்கு நினைவிருக்கும். அந்தப் பூச்சியை அழிக்கும் ஒட்டுண்ணிக் குளவியை அயல்நாட்டிலிருந்து தருவித்து 2022-இல்தான் விட முடிந்தது. இடைப்பட்ட காலத்தில் கிழங்கை மட்டுமே நம்பியவர் விலைக்குப் பதில் கடனைப் பார்த்தார். ஒரு துண்டு நிலத்தில் சாமை வைத்திருந்தவருக்கும் நட்டம் வந்தது, ஆனால் சோற்றுக்கு அவர் யாரிடமும் போய் நிற்கவேண்டியிருக்கவில்லை.

உங்கள் மலையை ஆண்ட வல்வில் ஓரி கடையெழு வள்ளல்களில் ஒருவன். ஆடி மாதம் செம்மேட்டில் அரசே அவனுக்கு விழா எடுக்கிறது. கொடுத்தவனைக் கொண்டாடுவது தமிழ் வழக்கம், நல்ல வழக்கம். கொடுக்காமல் எடுத்து வைத்தவர்களைக் கொண்டாட நமக்கு ஒரு நாளும் இல்லை. இத்தனைக்கும் கேட்டபோது கொடுத்தவர்களும் நீங்கள்தான். ஆராய்ச்சிக்காரர்கள் வந்து கேட்டதும் கூடையைத் திறந்து கைப்பிடி கைப்பிடியாக விதையை அள்ளிக் கொடுத்தீர்கள். ஊர் விதை வங்கிகள் அதிலிருந்துதான் பிறந்தன. சென்னையில் குளிரூட்டிய அறையில் பத்திரமாக இருக்கும் விதைப் பொட்டலத்தின் தாய்வீடு உங்கள் அடுப்புப் பரண்தான்.

இந்த மடலைப் படிக்கும் கீழ்நாட்டுக்காரர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி, அறப்பளீசுவரரைக் கும்பிட்டு, ஆகாய கங்கையில் குளித்துவிட்டு இறங்கும்போது அன்னாசியும் மலைவாழையும் வாங்குகிறீர்கள். அதோடு இரண்டு கிலோ சாமையும் கேட்டு வாங்குங்கள், விலை பேசாமல். அரசிடமும் ஒன்று. நீலகிரியிலும் தருமபுரியிலும் 2023-இல் ரேஷன் அரிசியில் 2 கிலோவுக்குப் பதிலாகக் கேழ்வரகு தரத் தொடங்கினார்கள். நல்ல தொடக்கம். மலை ஊரின் ரேஷன் கடையில் கேழ்வரகு கொடுப்பதென்றால் அது அந்த மலைக் காட்டிலேயே, அந்த மலையின் பெண்களிடமே நியாயமான விலைக்குக் கொள்முதல் செய்ததாக இருக்கட்டும். வெளியூர் மூட்டையை ஏற்றிக்கொண்டு வந்து உங்களுக்கே தருவது யாருக்கும் பெருமை இல்லை.

உங்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சிறுதானியத்துக்கு விலை ஏறுகிறது என்று வியாபாரிகள் மறுபடியும் லாரியோடு வருவார்கள், இந்த முறை சாமைக்காக. நல்ல விலை கேளுங்கள், கொடுங்கள். ஆனால் அந்த அக்கா சொன்ன வரிசை மாறவேண்டாம். வித்துக்கும் வீட்டுக்கும் எடுத்து வைத்தது போக மிஞ்சியதை எங்களுக்கு விற்றால் போதும்.


அடிவாரத்து ஊர்க்காரன்