கோளாறு எந்தப் பக்கம்?



நேற்று பெரம்பலூரில் மகள் வீட்டில் இருந்தேன். கல்லூரியில் படிக்கும் பேரன் போனைப் பார்த்து, "சர்வர் கனெக்ட் ஆகல தாத்தா" என்றான். எனக்கு 2020 ஞாபகம் வந்துவிட்டது.

கொரோனாவால் பள்ளி மூடியிருந்த நேரம். அரியலூரில் எங்களோடு இருந்தான். கூட்டாளிகளை அவன் பார்த்ததே பப்ஜியில்தான். செப்டம்பர் 2-இல் மத்திய அரசு 118 செயலிகளைத் தடை செய்தது. பப்ஜியும் அதில் ஒன்று. போனில் ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கு மட்டும் ஓடியது. அக்டோபர் 30-உடன் இந்தியாவில் சேவை முடிவதாக டென்சென்ட் அறிவித்தது. இது எங்கள் இருவருக்குமே தெரியாது.

ஒருநாள் விளையாட்டு திறக்கவில்லை. போனை அணைத்துப் போட்டான், சிக்னலுக்காக மொட்டை மாடிக்கு ஓடினான். "கண்டதையும் நோண்டிக் கெடுத்துட்டியா?" என்று கத்தினேன். "நான் ஒண்ணும் பண்ணல தாத்தா" என்று அழுதான். பிறகு செய்தித்தாளில்தான் விஷயம் தெரிந்தது. தெரிந்தும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

நேற்று அவன் பதறவில்லை. "எப்படிடா கண்டுபிடிப்பே?" என்றேன். சொன்னான்:

முதலில் வேறு செயலி ஓடுகிறதா பார்க்கணும். ஓடினால், கூட்டாளிகளிடம் கேட்கணும். அவர்களுக்கும் வரவில்லை என்றால் கோளாறு சர்வரில், காத்திருப்பதுதான் வைத்தியம். நமக்கு மட்டும் என்றால் வைஃபையை விட்டு மொபைல் டேட்டாவுக்கு மாறணும். அதில் வந்தால் ரூட்டரை அணைத்து, அரை நிமிடம் கழித்துப் போடணும். அப்டேட் பாக்கி இருக்கிறதா, போனில் தேதியும் நேரமும் சரியா, விபிஎன் அணைந்திருக்கிறதா பார்க்கணும். அழித்துவிட்டு மறுபடி ஏற்றுவது கடைசி வழி. 'கெஸ்ட்' கணக்கில் ஆடுகிறவர்கள் அப்படிச் செய்தால் சேர்த்ததெல்லாம் போய்விடலாம்.

"யூடியூப் நல்லா ஓடுது, கேம் மட்டும் ஏன் திணறுது?" என்றேன். வீடியோ கொஞ்சம் முன்கூட்டியே இறங்கிவிடுமாம். விளையாட்டில் அந்தந்த நொடிக்கே கேள்வியும் பதிலும் போய் வரணும். அந்தப் போய்வரும் நேரம்தான் 'பிங்'. சர்வர் சிங்கப்பூரில் இருந்தால், சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் சுமார் 3,000 கி.மீ. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கி.மீ. கணக்குப் போட்டேன்: போய்வர 30 மில்லி செகண்ட். எவ்வளவு பெரிய பிளான் போட்டாலும் அதற்குக் கீழே இறங்காது!

ஒரு பிள்ளை வகுப்புக்கு வராவிட்டால் வீட்டில் விசாரிப்போம். ஓர் ஊர்ப் பிள்ளைகளே வராவிட்டால் பஸ் வரவில்லை என்று புரிந்துகொள்வோம். வருகைப் பதிவேட்டில் வருஷக்கணக்காகப் பார்த்த பாடம், அன்றைக்கு என் பேரனிடம் மறந்துபோனது.

நேற்று அவன் கூட்டாளிகளுக்கும் வரவில்லை. சர்வரில் பராமரிப்பு வேலையாம். ஒரு மணி நேரத்தில் சரியானது.

"அன்னைக்கு உன்னைத் திட்டினது தப்புடா" என்றேன்.

"எந்தத் திட்டு தாத்தா? நிறைய இருக்கே" என்று சிரித்தான்.

உங்கள் வீட்டுப் பிள்ளை 'சர்வர் வரல' என்றால், கோளாறு எந்தப் பக்கம் என்று கூட உட்கார்ந்து பாருங்கள். திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.