அப்புத்தளை ஆலயத்தில் ஒரு புதையல் வேட்டை

கொஸ்லந்தவிலிருந்து பெரகலை வழியாக அப்புத்தளைக்கு ஏறும் பஸ்ஸில் எட்டு மாணாக்கர் நம்முடன் வந்தனர். மடியில் சோற்றுப் பொட்டலம்; கையில் கைத்தொலைபேசி. பெரகலையைத் தாண்டியதும் ஒரு புறம் பெரும்பள்ளம். தெளிந்த நாளில் தென்புறச் சமவெளி நெடுந்தூரம் தெரியும். அன்றோ மூடுபனி ஒன்றையும் காட்டவில்லை.

நாம் தேடிச் சென்றது பொன்னன்று, எண்களை. 'ஜியோகேஷிங்' என்று மேனாட்டார் வழங்கும் விளையாட்டை வாசகர் சிலர் அறிந்திருக்கலாம். இடங்காட்டும் செயற்கைக்கோள்களின் குறிகளில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை அமெரிக்க அரசு 2000 மே 2ஆம் நாள் நீக்கிற்று. மறுநாளே டேவ் உல்மர் என்பார் ஓரிகன் மாநிலத்தில் ஒரு வாளியை மறைத்துவைத்து, அவ்விடத்தின் அகலக்கோட்டு, நெடுங்கோட்டு எண்களை வெளியிட்டார். கண்டெடுப்பவர் ஒரு பொருளை எடுத்து வேறொன்றை வைத்து, குறிப்பேட்டிற் பெயரெழுத வேண்டும். இங்கிலாந்தில் இவ்வேட்டை கிராமத்துத் தேவாலயங்களையும் விடவில்லை. கல்வெட்டுகளிலுள்ள ஆண்டுகளைக் கூட்டியும் கழித்தும் எண்களைப் பெற்றால், அவை ஆலயத்துக்கு அப்பால் ஒளித்த டப்பாவைக் காட்டும்.

அம்முறையையே நாமும் கைக்கொண்டு, முந்திய வாரம் ஒரு பிஸ்கட் டின்னை மதிலுக்கு வெளியே மரவேரடியில் வைத்திருந்தோம். பண்டாரவளை வீதியிலுள்ள புனித அந்திரேயா ஆலயம் 1869இல் எழுந்தது. கோப்பிக் காலத்துத் துரைமார் வழிபட்ட இடம். இலங்கையைப் பாடிய ஆங்கிலப் புலவர் டபிள்யூ. எஸ். சீனியர் பாதிரியார் 1938இல் இறந்தபின், அவருடைய சாம்பலும் இங்கேதான் அடக்கமாயிற்று. அனுமதி பெற்றே உட்புகுந்தோம். கல்லறைமேல் ஏறலாகாது, புல்லைக் கிளறலாகாது என்று முன்னரே கூறியிருந்தோம். பிறர் முன்னோர் துயிலுமிடமல்லவா? சுடலையில் ஆடும் உரிமை எம்பெருமான் ஒருவருக்கே உண்டு.

அரைமணி நேரத்தில் டின் அகப்பட்டது. உள்ளிருந்த எள்ளுருண்டை அவ்விடத்திலேயே தீர்ந்தது. அப்போது ஒரு மாணவி, "சேர், எங்க லயத்துக்கும் இப்படி நம்பர் உண்டா?" என்று வினவினாள்.

வினா சிறிது, ஆயின் நம்மைச் சற்றே நிறுத்திவைத்தது. தோட்டத்துக் குடும்பங்கள் பலவற்றுக்குத் தனி விலாசமில்லை. நேர்முகத் தேர்வுக்கான கடிதமும் தோட்ட ஆபீசுக்கு வந்து, அங்கிருந்தே லயத்துக்குப் போகவேண்டும். நாள் கடந்து சேர்ந்த கடிதத்தால் வேலை இழந்தவரை நாம் அறிவோம். மரவேரடி டின்னுக்கோ நுட்பமான விலாசம்! அகலக்கோட்டின் ஒரு கலையை ஆயிரங் கூறிட்டால், ஒரு கூறு இரண்டு மீட்டருக்கும் குறைவு. ஆகவே ஒவ்வொரு காம்பராவுக்கும் எண் உண்டு என்றோம். தபாற்காரர் அதை ஏற்பாரா என்பது வேறு.

இதுவரை வாய்திறவாத ஒருவன், "இப்ப இல்லாத வீட்டுக்கும் பார்க்கலாமா?" என்றான். அவன் மீரியபெத்தயைச் சேர்ந்தவன். 2014 அக்டோபர் 29ஆம் நாள் காலை மலை சரிந்து லயங்களை மூடியது; மண்ணுட் போனவர் எல்லோருடைய உடலும் மீட்கப்படவில்லை. அவன் பாட்டியும் அவர்களுள் ஒருவர். சரிவுக்கு முந்திய விண்படங்கள் உள்ளன, பார்க்கலாம் என்றோம்.

மறுவாரம் கல்லூரிக் கணினியில் அப்படத்தை விரித்தபோது, லயத்தின் கூரை வரிசையை அவனே இனங்கண்டு, முனையிலிருந்து மூன்றாவது காம்பராவின் எண்களைக் குறித்துக்கொண்டான். அங்கே சென்று நிற்கவேண்டுமென்கிறான். மழைக்காலம் கழியட்டும், நாமும் உடன் வருகிறோம் என்று கூறியுள்ளோம். அம்மலைச்சரிவை மழையில் நம்பலாகாது.